சென்னையில உக்காந்து கையால ஒரு அகூஸ்டிக் கிட்டார் செய்யணும்னா: மரம், மெலிசு, ஈரக்காத்து

கிட்டார் செய்யலாம்னு இறங்குற எல்லாரும் முதல்ல கேக்கறது "எந்த மரம் வாங்கறது"ன்னுதான். நானும் அங்கேருந்தே ஆரம்பிக்கறேன், ஆனா ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், ஈட்டி மரம் போட்டா சவுண்டு தானா வந்துடும்னு யாராவது சொன்னா அப்படியே நம்பி காசைக் கொட்டாதீங்க. சத்தத்துல பெரிய பங்கு மேல்பலகைக்கு, அதாவது நடுவுல வட்டமா ஓட்டை இருக்கற முன்பக்கப் பலகைக்கு, அப்புறம் அதுக்கு உள்பக்கம் ஒட்டற பிரேஸிங் கட்டைகளுக்கு. பின்பலகை, பக்கப்பலகை எல்லாம் அதுக்கு அடுத்துதான் வரும். அதனால என் கணக்கு சிம்பிள், மேல்பலகை மட்டும் நல்லதா வெளியில வரவழைங்க, மத்ததெல்லாம் நம்ம ஊர் மரத்துலயே பாத்துக்கலாம்.

ஏன் மேல்பலகைன்னா, கம்பி ரொம்ப மெலிசு, அது தனியா ஆடினா காத்தை அசைக்கக்கூட முடியாது. கம்பியோட ஆட்டம் பிரிட்ஜ், அதாவது பலகை மேல கம்பியைப் பிடிச்சிருக்கற கட்டை, அது வழியா பலகைக்கு இறங்குது, பலகைதான் காத்தைத் தள்ளுது. அப்போ பலகை வெயிட் கம்மியா இருக்கணும், இல்லன்னா கம்பியால அதை ஆட்ட முடியாது, அதே சமயம் விறைப்பா இருக்கணும், ஏன்னா சாதாரண லைட் கேஜ், அதாவது மெலிசு ரக, செட் ஆறு கம்பியும் சேந்து 70 கிலோவுக்கு மேல இழுக்குது, சுமார் 3 எம்எம் கனமே இருக்கற ஒரு பலகை அதை வருஷக்கணக்கா தாங்கணும். லேசாவும் இருக்கணும் விறைப்பாவும் இருக்கணும்னா அதுக்குப் பொருத்தமா கிடைச்ச மரம்தான் ஸ்ப்ரூஸ். கன மீட்டருக்கு 400, 450 கிலோதான் வரும். நம்ம தேக்கு 650 கிட்ட வரும், ஈட்டி 800ஐத் தாண்டும். தேக்குல மேல்பலகை போட்டு செய்யக்கூடாதான்னு நிறைய பேர் கேக்கறாங்க, செய்யலாம், கிட்டார் மாதிரியே இருக்கும், சத்தம் மட்டும் பெட்டிக்குள்ளயே நின்னுடும்.

ஸ்ப்ரூஸ்லயே அலாஸ்கா பக்கம் கடற்கரையோரம் வளர்ற சிட்கா, ஆல்ப்ஸ் பக்கத்து யூரோப்பியன், ராக்கி மலையோட எங்கெல்மன்னு வகை இருக்கு. முதல் கிட்டாருக்கு சிட்காவே போதும், ஓங்கி ஸ்ட்ரம் பண்ணாலும் சத்தம் கலங்காம நிக்கும். விரலால மெதுவா ஃபிங்கர்ஸ்டைல் வாசிக்கற ஆளுன்னா வெஸ்டர்ன் ரெட் சிடார் பாருங்க, இன்னும் லேசு, லேசா தொட்டாலே பதில் சொல்லும், டோன் கொஞ்சம் இருட்டா வரும், ஆனா அவ்வளவு சாஃப்ட், நகம் பட்டாலே பள்ளம் விழும், ஓங்கி அடிச்சா ஒரு அளவுக்கு மேல சத்தம் ஏறாது. மேல்பலகைக்குன்னே ரெண்டு துண்டா, புத்தகம் விரிச்ச மாதிரி சேக்கறதுக்கு அறுத்து செட்டா ஆன்லைன்ல விக்கறாங்க. வந்ததும் துண்டோட முனையைப் பாருங்க, வருஷ வளையக் கோடு பலகைக்கு நேர் செங்குத்தா நிக்கணும், சாஞ்சிருந்தா குறுக்குவாட்டு விறைப்பு போச்சு. கணு இருக்கக்கூடாது, நார் ஒரு முனைலேருந்து இன்னொரு முனைக்கு நேரா ஓடணும்.

இப்போ பின்பலகை கதைக்கு வருவோம், சண்டையே இங்கதான். பொதுவா சொல்றது என்னன்னா ஈட்டி போட்டா பேஸ் ஆழமா, ஒலி நீளமா நிக்கும், மஹோகனின்னா நடு ஸ்வரங்கள் முன்னாடி வரும், ட்ரையா இருக்கும், மேப்பிள்னா ஒவ்வொரு ஸ்வரமும் பளிச்சுன்னு பிரிஞ்சு கேக்கும்னு. இது முழுக்கப் பொய் இல்ல, ஒரு ஈட்டிப் பலகையைத் தூக்கிப் பிடிச்சு தட்டினா மணி மாதிரி நீளமா ஒலிக்கும், மஹோகனி "டக்"குன்னு நிறுத்திடும், அந்த மரம் அதிர்வை எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சுதுங்கற வித்தியாசம் அது. ஆனா பலகையா தட்டறப்போ கேக்கற அவ்வளவு வித்தியாசம் கிட்டாரா ஆனப்புறம் கேக்குதான்னா, பெருசா இல்ல. 2018ல லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரங்க மேல்பலகை, டிசைன் எல்லாம் ஒரே மாதிரி வச்சு பின்பக்க மரம் மட்டும் மாத்தி ஆறு கிட்டார் செய்யவச்சு, 52 கிட்டாரிஸ்ட்கிட்ட எது என்ன மரம்னு தெரியாத மாதிரி வாசிக்கக் கொடுத்தாங்க, பிரேசிலியன் ஈட்டியும் இருந்துச்சு, விலை கம்மியான சபேலியும் இருந்துச்சு, ஆறுக்கும் மார்க் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் விழுந்துச்சு. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, 1862லேயே ஸ்பெயின்ல டோரஸ்ங்கற பெரிய கிட்டார் மேக்கர் ஒரு வேலை பண்ணினார், மேல்பலகை மட்டும் ஸ்ப்ரூஸ், பின்பக்கமும் பக்கவாட்டும் காகிதக்கூழ் அட்டை. மேல்பலகைதான் முக்கியம்னு காட்டறதுக்குன்னே செஞ்சது. 1995ல டெய்லர் கம்பெனி சரக்கு ஏத்தற பாலெட் கட்டையிலேயே ஒரு கிட்டார் செஞ்சு காட்டினாங்க, ஆணி ஓட்டையைக்கூட மறைக்கல.

அதுக்காக பின்பக்கம் எதையாவது போடுங்கன்னு சொல்லல. காஞ்ச மரமா, வளையக்கூடியதா, விரிசல் விடாததா இருக்கணும். சவுண்டைவிட இதுதான் உங்க தூக்கத்தைக் கெடுக்கும்.

மரம் எங்க தேடறது

வால்டாக்ஸ் ரோடு, சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் இருக்கற டிப்போவுல போய் நின்னா முதல் கேள்வி "தம்பி, கதவுக்கா கட்டிலுக்கா?"ன்னு வரும். "கிட்டாருக்குண்ணே"ன்னு சொன்னா மேலயும் கீழயும் ஒரு பார்வை, அப்புறம் "அதுக்கு எத்தனை கன அடி எடுப்பே?" இங்கதான் சங்கடம், பின்பலகை, பக்கப்பலகை ரெண்டுக்கும் அறுப்புல தூளா போறதையும் சேத்தாலும் கால் கன அடிகூட ஆகாது, பெரிய கட்டையைப் பிரிக்கச் சொன்னா யாரும் பிரிக்க மாட்டாங்க. கதவு ஃப்ரேம் வெட்டினது போக மிச்சத் துண்டு இருந்தா பாக்கறேண்ணேன்னு பணிவா கேளுங்க, காலைல கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போங்க, ஓரத்துல கிடக்கற குவியலைக் காட்டி "பொறுக்கிக்கோ"ன்னு விட்டுடுவாங்க. 8 இன்ச் அகலம், 22 இன்ச் நீளம் ரெண்டு துண்டு பின்பக்கத்துக்கு, 5 இன்ச் அகலம், 33 இன்ச் நீளம் ரெண்டு துண்டு பக்கத்துக்கு. 8 இன்ச் அகலம் கிடைக்கலன்னா பின்பலகையை மூணு துண்டாவும் சேக்கலாம், அதுவும் ஒரு அழகுதான். சாமில்ல பேண்ட்சா வச்சு 5 எம்எம் கனத்துல அறுத்துத் தரச் சொல்லுங்க, 4 கேக்காதீங்க, பிளேடு அலைஞ்சா ஒரு ஓரம் 3க்குப் போயிடும்.

பழைய வீடு இடிச்ச மரம் விக்கற கடையை விட்டுடாதீங்க. மைலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பழைய வீட்டு உத்தரம், கதவு எல்லாம் பர்மா தேக்கு, நூறு வருஷமா இதே ஊர் வெயில்லயும் மழையிலயும் சுருங்கி விரிஞ்சு அடங்கிப்போன மரம், இனிமே பெருசா ஆட்டம் காட்டாது. ஒரு காந்தத்தை எடுத்துட்டுப் போய் மேல தடவிப் பாருங்க, உள்ள முறிஞ்ச ஆணி இருந்தா இழைப்புளி வாய் போயிடும். தேக்குல ரெண்டு தொல்லை, எண்ணெய்ப்பசை அதிகம், அதனால பசை தடவறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒட்டற இடத்தை அசிட்டோன்ல துடைக்கணும், இன்னொண்ணு மரத்துக்குள்ளயே மணல் சத்து இருக்கறதால உளி சீக்கிரம் மழுங்கிடும்.

ஈட்டியை எடுத்தா, அது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மரம், உலகத்துல பாதி கிட்டாருக்கு பின்பக்கம் இங்கேருந்துதான் போகுதுன்னு சொல்ற அளவுக்கு பேர். ஆனா தமிழ்நாட்டுல ஈட்டி வெட்ட தனிச் சட்டமே இருந்துச்சு, 2017 ஜனவரிலேருந்து சைட்டிஸ்ங்கற, அழியற நிலைல இருக்கற உயிரினங்களோட உலக வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற ஒப்பந்தத்தோட லிஸ்ட்லயும் ஈட்டி இனம் மொத்தமும் வந்துடுச்சு, செஞ்சு முடிச்ச இசைக்கருவிக்கு 2019ல தளர்வு கொடுத்தாங்க, வெறும் பலகைக்கு இல்ல. அதனால பில் இல்லாம யாராவது விலை குறைச்சுக் கொடுத்தா வாங்காதீங்க. பழைய கட்டில் கால், மேஜைப் பலகைன்னு கிடைச்சா யோகம்.

எனக்குக் கேட்டா முதல் கிட்டாருக்கு பலா. வீணைக்குக் குடம் குடையறது பலா, மிருதங்கக் கட்டையும் பலாதான், தஞ்சாவூர் வீணைக்காரங்க பண்ருட்டி பலாவைத் தேடிப் போறாங்க. வெயிட் மஹோகனி பக்கம் வரும், வெட்டின புதுசுல மஞ்சக் கிழங்கு கலர்ல இருந்து போகப்போக தேன் கலர்ல இருண்டு வர்றதைப் பாக்கவே நல்லாருக்கும். நேர் நாரா இருக்கற துண்டா எடுங்க, பலாவுல நார் அங்கங்க திரும்பும், திரும்பின இடத்துல இழைச்சா பிச்சுக்கும். நம்ம ரோட்டோரம் நிக்கற தூங்குமூஞ்சி மரம்கூட ஹவாய்ல யூகலேலேக்கும் கிட்டாருக்கும் போகுது, இங்க புயல்ல சாஞ்சா விறகுக்குப் போகுது, அது நம்ம தலையெழுத்து. வேங்கை நல்லா இருக்கும், ஒரு எச்சரிக்கை, ஈரக் கையோட தொட்டா கறை விடும், அது வெள்ளை ஸ்ப்ரூஸ்ல பட்டுச்சுன்னா போகாது. கழுத்துக்கு நேர் நார் மஹோகனி, அது மேல விரல் அமுக்கற ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி இல்லன்னா கருங்காலி. கருங்காலி மாலை கிராக்கி வந்தப்புறம் நல்ல கருங்காலித் துண்டு கேட்டாலே கடைக்காரர் நம்மள ஜோசியர்னு நினைக்கறார், ஈட்டியே போதும்.

எந்த மரம்னாலும் சரி, மாஸ்க் இல்லாம இழைக்காதீங்க, ஈட்டித் தூள் நிறைய பேருக்கு அரிப்பும் தும்மலும் கொடுக்கும்.

ஈரக்காத்து

வெளிநாட்டுக்காரங்க வீடியோ பாத்து செய்யறவங்க இங்கதான் மாட்டிக்கறாங்க. மரம் நீளவாட்டுல கிட்டத்தட்ட மாறவே மாறாது, குறுக்குவாட்டுல காத்துல இருக்கற ஈரத்தைப் பொறுத்து விரியும் சுருங்கும். சென்னைல காத்து ஈரம் சாதாரணமாவே 70, 75 பர்சன்ட், ஐப்பசி கார்த்திகை அடைமழைல இன்னும் மேல. அந்தக் காத்துல செஞ்ச கிட்டாரை ஏசி ரூம்ல மாசக்கணக்கா வச்சாலோ இல்ல கோடைல பெங்களூருக்குக் கொண்டுபோனாலோ ஈரம் 45 பர்சன்டுக்கு இறங்கும், 400 எம்எம் அகல ஸ்ப்ரூஸ் பலகை அப்போ கிட்டத்தட்ட 3 எம்எம் சுருங்கப் பாக்கும், ஆனா பலகை நாலு பக்கமும் ஒட்டியிருக்கு, உள்ள குறுக்க பிரேஸ் ஒட்டியிருக்கு, சுருங்க வழி இல்ல, அப்போ என்ன ஆகும், நடுவுல "படீர்". தலைகீழா பண்ணினா பிரச்சினை கம்மி, 45 பர்சன்ட்ல செஞ்சு 75க்குக் கொண்டுபோனா பலகை லேசா உப்பும், பிளக்காது.

அதனால ஒரு சின்ன ரூம், ஏசி, முடிஞ்சா காத்து ஈரத்தை உறிஞ்சற ஒரு டீஹ்யூமிடிஃபையர், ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கற, ஈரத்தை அளக்கற ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர். மீட்டரை அப்படியே நம்பாதீங்க, டெஸ்ட் பண்ண ஒரு வழி இருக்கு, ஒரு பாட்டில் மூடில சமையல் உப்பை நிரப்பி ஈரமணல் பதத்துக்குத் தண்ணி விட்டு, மீட்டரோட சேத்து ஒரு காத்துப்புகாத டப்பால ஒரு நாள் பூரா மூடி வைங்க, சரியா 75 காட்டணும், 80 காட்டினா அஞ்சு குறைச்சுப் படிங்கன்னு அர்த்தம். பலகைகளை இந்த ரூம்ல ரீப்பர் வச்சு இடைவெளி விட்டு அடுக்கி, தராசுல வெயிட் போட்டு எழுதிவைங்க, வெயிட் குறையறது நின்னா காஞ்சுடுச்சு. மேல்பலகை, பின்பலகைல பிரேஸ் ஒட்டறதும் பெட்டியை மூடறதும் கண்டிப்பா இந்த ரூம்ல, 45லேருந்து 50க்குள்ள. கழுத்து செதுக்கறது, உப்புத்தாள் போடறதெல்லாம் மொட்டை மாடிலகூடப் பண்ணுங்க.

வேலை

மேல்பலகை ரெண்டு துண்டையும் சேக்கற ஓரத்தை நீளமான இழைப்புளில இழைச்சு, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரா ஒண்ணா பிடிச்சுப் பாருங்க, முடி அளவு வெளிச்சம் தெரிஞ்சாலும் மறுபடி இழைங்க. பசை பத்தி ஒரு வார்த்தை, ஃபர்னிச்சருக்குப் போடற சாதாரண வெள்ளைப் பசை இழுப்பு நிரந்தரமா இருக்கற இடத்துல, அதுவும் நம்ம ஊர் சூட்டுல, மெல்ல மெல்ல நகர்ந்துகொடுக்கும். பிரிட்ஜ், கழுத்து, பிரேஸ் மூணுக்கும் டைட்பாண்ட் ஒரிஜினல் மாதிரி காஞ்சா கெட்டியாகற மஞ்சப் பசை போடுங்க, இல்லன்னா பழைய ஆசாரிங்க காய்ச்சற வச்சிரம், அதுதான் இருக்கறதுலயே கெட்டி, நாத்தத்தைப் பொறுத்துக்கணும் அவ்வளவுதான்.

அடுத்து மெலிசாக்கறது, டோன் இங்கதான் பிறக்குதுன்னு நான் சொல்லுவேன், ரொம்ப அவசரப்படாதீங்க. பலகையோட விறைப்பு கனத்தோட மும்மடிப் பெருக்குல போகும், அதாவது கனத்துல பத்துல ஒரு பங்கு எடுத்தா விறைப்புல நாலுல ஒரு பங்குக்கு மேல போயிடும். 3.0லேருந்து 2.7க்கு வர்றது வெறும் 0.3 எம்எம், கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். சிட்கான்னா 2.8, 3.0, சிடார்னா ஒரு 0.2 கூட, இது ஆரம்பப் புள்ளிதான், கடைசி அளவு அந்தப் பலகை சொல்லும். 3.5க்கு வந்ததும் நிறுத்தி, பலகையை ஒரு முனைலேருந்து அஞ்சுல ஒரு பங்கு உள்ள, ஓரமா ரெண்டு விரலால லேசா தொங்கவிட்டுப் பிடிச்சு, நடுவுல விரல் முட்டியால தட்டுங்க. கனமா இருக்கறப்போ உயரமான ஸ்வரம், குட்டையா நிக்கும். ஒவ்வொரு சுத்து இழைச்சு தட்டத் தட்ட ஸ்வரம் கீழ இறங்கிட்டே வரும், ஒலி நீண்டுட்டே வரும், கைல பிடிச்சு ரெண்டு ஓரத்தையும் அமுக்கினா குறுக்குவாட்டுல லேசா விட்டுக்கொடுக்க ஆரம்பிக்கும். ஒரு கட்டத்துல ஒலி இன்னும் நீளாம மந்தமாக ஆரம்பிக்கும், அதுக்கு ஒரு சுத்து முன்னாடி நிக்கணும். காதை மட்டும் நம்பத் தயக்கமா இருந்தா பலகையை ரெண்டு கட்டை மேல பாலம் மாதிரி வச்சு நடுவுல ஒரு கிலோ எடைக்கல்லு வச்சு எவ்வளவு தொங்குதுன்னு அளந்து நோட்டுல எழுதுங்க, அடுத்த கிட்டாருக்கு அந்த நோட்டுதான் சொத்து. பின்பலகை 2.5, பக்கப்பலகை 2.0லேருந்து 2.2, இதுக்கெல்லாம் இவ்வளவு தவம் வேணாம்.

பிரேஸிங், ஸ்டீல் ஸ்ட்ரிங்னா எக்ஸ் வடிவம், மார்ட்டின் கம்பெனி 1840கள்லேருந்து போட்டது, இன்னிக்கும் அதான். ஸ்ப்ரூஸ் கட்டையை அறுக்காதீங்க, உளி வச்சு சுத்தியால தட்டிப் பிளந்து எடுங்க, நார் எப்படி ஓடுதோ அப்படியே பிளக்கும், அந்த நேர் நார்ல வர்ற விறைப்பு அறுத்த கட்டைல வராது. அகலம் 8 எம்எம், எக்ஸ் சந்திக்கற இடத்துல உயரம் 15 எம்எம், ஓரத்துக்குப் போகப்போக 2, 3 எம்எம்க்குத் தாழ்ந்துடணும். பிரேஸ்ல வெயிட் குறைக்கணும்னா அகலத்துல எடுத்தா விறைப்பு நேர்க்கணக்குலதான் குறையும், உயரத்துல எடுத்தா அதே மும்மடிக் கணக்கு, அதனால உச்சிலேருந்து ஒவ்வொரு சீவல் எடுத்ததும் தட்டிக் கேளுங்க. பிரிட்ஜ் வர்ற இடத்துக்குக் கீழ ஒரு சின்ன கெட்டி மரப் பிளேட், 2.5 எம்எம், இதை மறந்தா கம்பி முனைல இருக்கற குண்டு ஸ்ப்ரூஸைக் குடைஞ்சுட்டு மேல வரும்.

பக்கப்பலகை வளைக்கறது பாக்கத்தான் பயம். ரெண்டு இன்ச் ஜிஐ பைப் ஒண்ணை வைஸ்ல படுக்கவச்சு இறுக்கி, உள்ள புளோ டார்ச்சைக் காட்டுங்க. மேல ஒரு சொட்டு தண்ணி விட்டா தங்காம உருண்டு ஓடணும், அதான் பதம், புகை வந்தா சூடு ஜாஸ்தி. பலகையைத் தண்ணில நனைச்சு, முதல்ல இடுப்பு வளைவை பைப் மேல வச்சு ரெண்டு கையாலயும் சும்மா அழுத்தம் கொடுத்துட்டே முன்னும் பின்னும் ஆட்டுங்க, பலத்தைக் காட்டக்கூடாது, கொஞ்ச நேரம் மரம் மரமாவே இருக்கும், திடீர்னு கைக்குள்ள தளர்ந்து "சரி வா"ன்னு வரும், அந்த நொடி எந்த மரத்துக்கு எப்போங்கறது கைக்குத்தான் தெரியும். ஈட்டி நல்ல பிள்ளையா வளையும், நார் சுருண்ட மரம் முரண்டு பிடிக்கும். வளைச்சதை உடனே பிளைவுட் அச்சுக்குள்ள போட்டு ஆற விடுங்க. உள் ஓரம் பூரா ஒட்டற லைனிங் ரீப்பர்ல ரம்பத்தால நெருக்கமா வெட்டு வெட்டா போட்டா வளைஞ்சுக்கும், அதைப் பிடிச்சு நிறுத்த கிளாம்ப் வாங்காதீங்க, துணி காயப்போடற மரக் கிளிப் நாலு டஜன் வாங்கி ரப்பர் பேண்ட் சுத்திக்கோங்க.

பெட்டி மூடறதை, ஓரத்துல பட்டை பதிக்கற பைண்டிங்கை எல்லாம் நான் நீட்டல, எல்லா கிட்டார் பிளான் வரைபடத்துலயும் நல்லாவே போட்டிருக்கு. கழுத்துக்குள்ள ட்ரஸ் ராட், அதாவது கம்பி இழுப்புல கழுத்து வளையாம நிறுத்தற இரும்புக் கம்பி, கண்டிப்பா வேணும், கழுத்து பெட்டியோட சேர்ற இடத்துல முதல் தடவை போல்ட் ஜாயின்டே போடுங்க, மரத்தை மரத்துக்குள்ள கோக்கற டவ்டெயில் எல்லாம் கௌரவத்துக்கு.

ஃப்ரெட், அதாவது ஃப்ரெட்போர்டுல குறுக்க பதிக்கற உலோகக் கம்பி, அதோட கணக்கு மட்டும் சொல்லிடறேன், தப்பினா ஒட்டுமொத்த உழைப்பும் போச்சு. ஸ்கேல், அதாவது கழுத்து முனைல கம்பி உக்கார்ற நட்லேருந்து பிரிட்ஜ் வரைக்குமான கம்பி நீளம், 650 எம்எம்னு வச்சா, மிச்சம் இருக்கற நீளத்தை ஒவ்வொரு தடவையும் 17.817ஆல வகுக்கணும், வர்ற விடைதான் அடுத்த ஃப்ரெட்டுக்கு உள்ள தூரம். முதல் ஃப்ரெட் 36.48ல வரும், ரெண்டாவது 70.92ல, பன்னெண்டாவது சரியா பாதி, 325ல. வகுக்கறது ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா வந்தாலும் குறிக்கறப்போ எல்லாத்தையும் நட்லேருந்தே ஒரே அளவுகோல்ல அளந்து குறிங்க, ஒரு ஃப்ரெட்லேருந்து அடுத்ததுக்கு அளந்தா ஒவ்வொரு தடவையும் விட்ட முடியளவு பிசகு சேந்து இருபதாவதுல வந்து நிக்கும். பிரிட்ஜ் சாடில், அதாவது பிரிட்ஜ் மேல கம்பியைத் தாங்கற மெலிசான பட்டை, 650லயே உக்காராது, கம்பியை அமுக்கறப்போ இழுவிசை கூடறதால சன்னக் கம்பிக்கு 2 எம்எம், தடிச்ச கம்பிக்கு 4, 5 எம்எம் பின்னாடி தள்ளணும், அதான் சாடில் சாய்வா இருக்கற காரணம்.

ஃபினிஷ் எவ்வளவு மெலிசோ அவ்வளவு நல்லது. நம்ம ஊர் பாலிஷ்காரங்களுக்கு அத்துப்படியான ஃப்ரெஞ்ச் பாலிஷ், அரக்கைக் கரைச்சு துணிப்பொட்டலத்தால தேய்க்கறது, மேல்பலகைக்கு அதைவிட லேசான கோட்டிங் கிடையாது. வேர்வை கைக்கு அது தாங்காது, முழங்கை படற இடம் மங்கும், ஆனா அந்த இடத்துல மட்டும் மறுபடி தேச்சா சேந்துக்கும். ஸ்ப்ரே லேக்கர்தான் வேணும்னா மழை நாள்ல அடிக்காதீங்க, காத்துல இருக்கற ஈரம் உள்ள மாட்டி வெள்ளையா பூத்துடும். பெயிண்ட் கடைக்காரர் சோபாவுக்கு அடிக்கற கெட்டி பாலியூரித்தேன் ரெண்டு கோட்டு போடச் சொல்லுவார், கும்பிட்டுட்டு வந்துடுங்க, 2.8க்குப் பாத்துப் பாத்து இழைச்ச பலகை மேல பிளாஸ்டிக் தோல் போத்தறதுக்கா இவ்வளவு பாடு.

நட், சாடில் ரெண்டும் எலும்புல செய்யுங்க. கம்பி, ட்யூனிங் கீ எல்லாம் மவுண்ட் ரோடு மியூசி மியூசிகல் மாதிரி கடைல கிடைக்கும், அந்தக் கடை 1842லேருந்து இருக்கு. கம்பி மாட்டினதும் ட்யூன் பண்ணி ஒரு வாரம் அப்படியே விடுங்க, பலகை 70 கிலோ இழுப்புக்கு உக்காரணும், பிரிட்ஜுக்குப் பின்னாடி லேசா உப்பினா பயப்படாதீங்க, அது நார்மல்தான், பிரிட்ஜுக்கும் ஓட்டைக்கும் நடுவுல பள்ளம் விழுந்தா மட்டும் கவலைப்படுங்க. பன்னெண்டாவது ஃப்ரெட்ல தடிச்ச கம்பிக்கு 2.5 எம்எம், சன்னக் கம்பிக்கு 2 எம்எம் உயரம் வர்ற மாதிரி சாடிலைத் தேய்ங்க. அப்புறம் கையோட இன்னொரு சாடிலும் அரை எம்எம் தாழ்வா வெட்டி, கேஸ்ல ஒரு கவர்ல போட்டு வச்சுடுங்க, ஐப்பசி மழைல பலகை உப்பி கம்பி மேல ஏறும், அப்போ தாழ்ந்ததை மாட்டிக்கலாம், தை பொறந்து காத்து காஞ்சதும் பழையதையே திருப்பிப் போட்டுக்கலாம்.